மேசியா வயலினும் வியோம் மீது விழுந்த சந்தேகமும்

ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வயலின் இருக்கிறது. இத்தாலியின் க்ரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்தது, ஆண்டு 1716 என்று அதன் உள்ளே ஒட்டியுள்ள சீட்டு சொல்கிறது. முந்நூறு வயதான கருவிக்கு உரிய தோற்றம் எதுவும் அதற்கு இல்லை. சிவப்பும் ஆரஞ்சும் கலந்த வார்னிஷ் அப்படியே மின்னுகிறது, ஓரங்கள் கூர் மழுங்காமல் நிற்கின்றன. தலைப்பக்கச் சுருளின் விளிம்பில் ஸ்ட்ராடிவாரி மெல்லியதாக இழுக்கும் கறுப்புக் கோடுகூட அழியவில்லை. அவருடைய மற்ற வயலின்கள் பலவற்றில் இந்தக் கோடு வாசித்தவர்களின் கை பட்டுப் பட்டு என்றோ போய்விட்டது.

அதன் பெயர் மேசியா. உலகிலேயே மிகப் புகழ்பெற்ற வயலின் எது என்று கருவி செய்பவர்களைக் கேட்டால் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். 1990-களின் கடைசியில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இசைக்கருவிகளைப் பராமரித்து வந்த ஸ்டீவர்ட் பொலென்ஸ் இது ஸ்ட்ராடிவாரியின் வேலைதானா என்று வெளிப்படையாகக் கேட்டார். கேள்வி எழுந்ததுமே எல்லார் மனத்திலும் ஒரே பெயர்தான் வந்தது: பாரிஸ் நகரத்து ழான்-பாப்டிஸ்ட் வியோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வயலினை 20 வருஷம் தன் கையில் வைத்திருந்தவர்; ஸ்ட்ராடிவாரியை அச்சு அசலாக நகலெடுப்பதில் அவரை மிஞ்ச அன்று ஆள் இல்லை.

செய்யக்கூடிய திறமை இருந்தது, செய்வதற்கான வாய்ப்பும் இருந்தது. அப்படியானால் செய்தாரா? வியோமின் வாழ்க்கையை இந்தக் கேள்வி வழியாகப் பார்ப்பதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் யார், எப்படி வேலை செய்தார், எதற்கு ஆசைப்பட்டார் என்பதெல்லாம் இந்த ஒரே வழக்கில் வந்து விழுகின்றன.

மிரெகூர் பையன்

பிரான்சின் கிழக்கே வோஜ் மலைப்பகுதியில் மிரெகூர் என்று ஒரு சிற்றூர். பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே வயலின் செய்வது குடும்பத் தொழில். அந்த ஊருக்கு லேஸ் பின்னலிலும் பெயர் உண்டு. 1798 அக்டோபர் 7 அன்று வியோம் பிறந்ததும் அப்படி ஒரு வயலின் குடும்பத்தில்தான். அப்பா குளோத்-பிரான்சுவா அதே தொழில், தம்பிகளும் அதே தொழில். மரத்தூளில் புரண்டு வளர்ந்த பிள்ளை என்றால் மிகையில்லை.

மிரெகூர் அன்று பெயர் வாங்கியது எண்ணிக்கையால்தான், நயத்தால் அல்ல. மலிவான கருவிகளை வேகமாகச் செய்து மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பும் ஊர் அது. பெயர் எடுக்க வேண்டுமானால் பாரிஸுக்குத்தான் போக வேண்டும். 1818-இல் பிரான்சுவா ஷானோ என்பவரிடம் வேலைக்குச் சேர வியோம் பாரிஸ் வந்தார். ஷானோ ஒரு கடற்படைப் பொறியாளர். வயலினின் மூலைகளை எடுத்துவிட்டு கிதார் போன்ற உருவத்தில் புது வயலின் ஒன்றை அவர் வடிவமைத்திருந்தார். அந்தக் கருவி நிலைக்கவில்லை. ஆனால் துருவித் துருவிக் கேள்வி கேட்கும் ஒரு பொறியாளரின் அருகில் இருபது வயதில் உட்கார்ந்து வேலை செய்தது வியோமிடம் கடைசி வரை தங்கியது.

1821-இல் சிமோன் லெதே என்பவரின் கடைக்கு மாறினார், பிறகு அங்கேயே கூட்டாளி ஆனார். 1827 பாரிஸ் தொழில் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம். 1828-இல் க்ருவா தெ பெதி ஷான் தெருவில் 46-ஆம் எண்ணில் சொந்தக் கடை. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஏன் நகல்?

புதுக் கருவிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வாங்க ஆள் வரவில்லை. அந்தக் காலத்து ரசனை பழமையின் பக்கம் திரும்பியிருந்தது. கட்டடமானாலும் மேஜை நாற்காலியானாலும் பழையதுபோல் இருந்தால்தான் பாரிஸ்காரர்களுக்குப் பிடித்தது. இசைக்கலைஞர்களுக்கோ க்ரெமோனாவின் பழைய வயலின்தான் வேண்டும்; அது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை எட்டாது. வியோம் இதைப் புரிந்துகொண்டார். 1827 வாக்கில் பழைய கருவிகளைப் பார்த்து அதே போல, தேய்மானம் உட்பட, புதுக் கருவிகளைச் செய்யத் தொடங்கினார்.

தேய்மானம் உட்பட என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்ட்ராடிவாரியின் அளவுகளைப் பின்பற்றுவது அவருக்கு முன்பே நிக்கோலா லுப்போ போன்றவர்கள் அருமையாகச் செய்த வேலை. வியோம் இன்னும் ஒரு படி போனார். ஒரு வயலின் இருநூறு வருஷம் வாசிக்கப்பட்டால் எங்கெங்கே தேயும்? அந்தக் காலத்தில் முகவாய்க்குத் தாங்கல் கிடையாது, ஆகவே தந்திகளின் கீழ்முனையை மாட்டும் டெயில் பீஸுக்குப் பக்கத்தில் தாடையின் வியர்வை பட்டு வார்னிஷ் போகும். இடது உள்ளங்கை உரசும் இடத்தில், கழுத்தை ஒட்டிய தோள்பகுதியில் போகும். மேஜைமேல் வைத்து எடுப்பதால் பின்பலகையின் மேடான நடுப்பகுதியில் போகும். இந்த இடங்களில் மட்டும், அதுவும் சரியான அளவுக்கு, நிறம் படிப்படியாகக் கரைந்து மரத்தின் பொன்னிறத்துக்கு வர வேண்டும். எல்லா இடத்திலும் ஒரேயடியாகச் சுரண்டினால் பொய் என்று உடனே தெரிந்துவிடும். மட்டமான நகல்காரர்கள் தவறுவது இங்கேதான்.

உருவத்தையும் நிறத்தையும் தாண்டி, ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளவும் அவர் முயன்றார். இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் சவாருக்குச் சோதனைகளுக்காக ஸ்ட்ராடிவாரி வயலின்களையும், க்ரெமோனாவின் இன்னொரு புகழ்பெற்ற குடும்பமான குவார்னெரியின் வயலின்களையும் கொடுத்தார். சவார் மேல்பலகையையும் பின்பலகையையும் தனித்தனியாக அதிரவைத்து ஒவ்வொன்றின் சுருதியையும் அளந்தார். நல்ல இத்தாலியக் கருவிகளில் இந்த இரண்டுக்கும் நடுவே அரை ஸ்வரத்திலிருந்து ஒரு ஸ்வரம் வரை இடைவெளி இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. பலகையை விரலால் தட்டிக் காதில் கேட்டபடியே சீவிக் குறைக்கும் வழக்கம் வயலின் செய்பவர்களிடம் இன்றும் இருக்கிறது. ஸ்ட்ராடிவாரி வயலினை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களில் முன்னோடியான சவாருக்குக் கருவி கொடுத்து உதவியவர் ஒரு கடைக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது.

பகனினியின் பீரங்கி

வியோமின் திறமைக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் இத்தாலிய வயலின் மேதை பகனினி போதும். குவார்னெரி தெல் ஜெசு 1743-இல் செய்த வயலின் பகனினியிடம் இருந்தது. அதன் ஒலியின் வீச்சைப் பார்த்து அதைப் பீரங்கி என்றே அழைத்தார்கள். 1833-இல் அது பழுதாகி, சரிசெய்ய பாரிஸில் வியோமின் பட்டறைக்கு வந்தது.

பகனினி போன்றவருக்குத் தன் வயலினை யாரிடமாவது விட்டுச் செல்வது பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவது மாதிரி. வியோமுக்கோ அது கிடைக்காத வாய்ப்பு. பிரித்துப் போட்ட கருவியின் உட்புறமெல்லாம் கண்முன் இருக்கிறது: பலகை எந்த இடத்தில் எத்தனை தடிமன், உள்ளே என்ன வளைவு, எங்கே ஒட்டு, எங்கே வெட்டு. பழுதைச் சரிசெய்ததோடு அப்படியே ஒரு நகலும் செய்தார். இரண்டையும் அருகருகே வைத்தபோது எது தன்னுடையது என்று பகனினியாலேயே முதலில் சொல்ல முடியவில்லை, வாசித்துப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது. கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏற்றியிருப்பார்கள், அது சகஜம். ஆனால் நகல் நிஜமாகவே இருக்கிறது. அது பகனினியின் சீடர் கமிலோ சிவோரியிடம் போய்ச் சேர்ந்தது. இன்று ஜெனோவா நகராட்சியில் பீரங்கியும் அதன் நகலும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. சிவோரி மேடையில் பெரும்பாலும் வாசித்தது அந்த நகலைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வியோம் தன் நகல்களுக்குள் பழைய பாணிச் சீட்டை ஒட்டியதுண்டு. ஆனால் தன் கையெழுத்தையும் வரிசை எண்ணையும் பின்பலகையின் உட்புறத்தில் மையால் எழுதிவைப்பதும் அவர் வழக்கம். வெளியிலிருந்து எளிதில் தெரியாது. எஃப் வடிவத் துளை வழியாக விளக்கும் கண்ணாடியும் வைத்துத் தேடினால் தெரியும். வாங்கியவருக்கு அது வியோம் வயலின் என்று தெரியும், விலையும் வியோம் வயலினின் விலைதான்: சுமார் 300 பிராங்க். செல்லோவுக்கு 500. ஸ்ட்ராடிவாரி என்று சொல்லி ஸ்ட்ராடிவாரி விலைக்கு விற்கவில்லை. பின்னால் வந்த சில வியாபாரிகள் செய்த தில்லுமுல்லுகளை இவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

ஆனாலும் ஒரு நெருடல் இருக்கிறது. நகலை இவ்வளவு துல்லியமாகச் செய்யும் ஒருவர் அசல் கருவிகளையும் விற்கும் வியாபாரியாக இருந்தார். இரண்டும் ஒரே கடை, ஒரே கல்லாப்பெட்டி. மேசியா மீது விழுந்த சந்தேகத்துக்கு வேர் இதுதான்.

தாரிசியோவின் பரண்

மேசியா எப்படி வியோமிடம் வந்தது என்பது வயலின் உலகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அதில் மையப்பாத்திரம் லூயிஜி தாரிசியோ. வடக்கு இத்தாலியில் நொவாரா பக்கத்துத் தச்சர். கிராமம் கிராமமாக நடந்து, மடங்களிலும் வீடுகளிலும் தூசி படிந்து கிடந்த பழைய வயலின்களைப் புது வயலினுக்கு மாற்றாகவோ சொற்பக் காசுக்கோ வாங்குவார். 1827-இல் முதல்முறை பாரிஸுக்கு வந்தபோது அழுக்குச் சட்டையோடு தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றவர், சீக்கிரமே பாரிஸ் வியாபாரிகள் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆளாகிவிட்டார்.

அதே 1827-இல், கோசியோ தி சலபூயே என்ற இத்தாலியப் பிரபுவின் சேகரிப்பிலிருந்து யாரும் வாசிக்காத ஒரு ஸ்ட்ராடிவாரியை வாங்கியிருந்தார் தாரிசியோ. கோசியோ அதை 1775-இல் ஸ்ட்ராடிவாரியின் மகன் பாவ்லோவிடமிருந்து பெற்றவர். ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறக்கும்வரை அது அவர் பட்டறையிலேயே கிடந்ததாம். பாரிஸ் வரும்போதெல்லாம் தாரிசியோ இந்த வயலினைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார், கொண்டுவர மாட்டார். வியோமின் மருமகன் தெல்ஃபான் அலார் ஒரு நாள் பொறுமை இழந்து, “உங்க வயலினும் யூதர்களோட மேசியா மாதிரிதான், எப்பவும் காத்திருக்கோம், வந்தபாடில்லை” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அலார் சாதாரண ஆளல்ல, பாரிஸ் கன்சர்வேட்டரியில் வயலின் பேராசிரியர், புகழ்பெற்ற வயலின் வித்வான் சரசாத்தே அவருடைய மாணவர்.

1854-இல் மிலானில் ஒரு மாடி அறையில் தாரிசியோ இறந்து கிடந்தார். செய்தி எட்டியதும் வியோம் கையில் பணத்தோடு இத்தாலிக்குப் புறப்பட்டார். 1855 ஜனவரி; ஆல்ப்ஸ் மலைப்பாதையில் பனி. தாரிசியோவின் சொந்தக்காரர்கள் இருந்த ஃபான்டநெட்டோ கிராமத்துப் பண்ணை வீட்டில் சில வயலின்களைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று மேசியா. மிலான் பரணில் இன்னும் நூற்றுக்கும் மேல் குவிந்து கிடந்தன. மொத்தம் 140-க்கும் மேற்பட்ட கருவிகள், அதில் ஸ்ட்ராடிவாரி மட்டும் இரண்டு டஜன். எல்லாவற்றுக்கும் சேர்த்து வியோம் கொடுத்த தொகை சுமார் 80,000 பிராங்க். தன் புது வயலின்களில் கிட்டத்தட்ட 270-ஐ விற்றால்தான் அந்தத் தொகை கிடைக்கும். இருந்தாலும் வயலின் வரலாற்றில் இதைவிட லாபமான பேரம் நடந்திருக்க முடியாது. அந்த உறவினர்களுக்கு அது நியாயமான விலையா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

வழக்குக்கு இங்கே ஒரு சிக்கல் முளைக்கிறது. இந்தப் பயணக் கதையின் சுவையான விவரங்கள் எல்லாம் வியோம் வாயிலிருந்தும் அவர் வட்டாரத்திலிருந்தும் வந்தவை. 1856-இல் ஸ்ட்ராடிவாரி பற்றி நூல் எழுதிய இசை வரலாற்றாளர் ஃபெத்திகூட வியோமின் நண்பர்தான். தகவல் கொடுத்தவரும் வியோம்தான். கண்ணால் கண்ட வேறு சாட்சி இல்லை. கோசியோவின் குறிப்பேடுகள் மட்டும் தனிச் சாட்சி. அவை க்ரெமோனா நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் 1716 வயலின் பற்றி வரும் வர்ணனையும் இன்றைய மேசியாவும் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை என்பது பொலென்ஸ் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று.

பாரிஸில் மேசியா

வாங்கி வந்த மேசியாவை வியோம் விற்கவில்லை. நல்ல விலை கிடைத்திருக்கும், கொடுக்கவில்லை. 1875 மார்ச் 19 அன்று இறக்கும்வரை வைத்திருந்தார். 1872-இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் நடந்த பழைய இசைக்கருவிக் கண்காட்சிக்கு அனுப்பியதைத் தவிர பொதுமக்கள் அதைப் பார்க்க வழியில்லை. ஆக, 1855-க்கும் 1872-க்கும் இடையே பதினேழு வருஷம் அது அவர் வட்டாரத்துக்குள்ளேயே இருந்தது. சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த இடைவெளி போதுமானது.

கருவியை அவர் தொடாமலும் இல்லை. காலத்தின் தேவைக்கு ஏற்பக் கழுத்தை நீட்டினார், மேல்பலகையைத் தாங்க அதன் அடியில் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற மரச்சட்டத்தை மாற்றினார். அந்தக் காலத்தில் எல்லாப் பழைய வயலின்களுக்கும் நடந்த மாற்றம்தான் இது. சுருதி ஏறியது, தந்திகளின் இழுவை கூடியது, பழைய அமைப்பு தாங்காது. அதோடு நில்லாமல், இயேசு பிறப்புக் காட்சியைச் செதுக்கிய டெயில் பீஸையும் சிற்ப வேலைப்பாடுள்ள பிருடைகளையும் பொருத்தினார். பெயருக்கு ஏற்ற அலங்காரம் என்று நினைத்திருப்பார். எனக்கு அது கொஞ்சம் மிகையாகவே படுகிறது. அவ்வளவு அடக்கமான அழகுள்ள கருவியின் நடுவில் அந்தச் சிற்பம் துருத்திக்கொண்டு தெரிகிறது.

மேசியாவைப் பார்த்து அவர் பல நகல்கள் செய்தார். அவை பழைமைத் தோற்றம் தராத நகல்கள், ஏனென்றால் அசலே புதிதாகத்தான் இருந்தது. இந்த விநோதம் வழக்கில் இரு பக்கமும் வெட்டுகிறது. வியோம் மேசியாவைப் போலவே வயலின் செய்ய வல்லவர் என்பதற்கு இதுவே சான்று. அதே நேரம், பார்த்துச் செய்ய ஓர் அசல் அவர் முன்னால் இருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

யாருடைய கை?

வியோமின் வேலை என்று நாம் சொல்வது எது என்பதும் ஒரு கேள்விதான். அவர் பெயரில் 3,000-க்கும் மேற்பட்ட கருவிகள் வெளிவந்தன. ஒரு வயலினைத் தனியாளாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். அத்தனையும் ஒருவர் செய்ததல்ல. மிரெகூரிலிருந்து தேர்ந்த இளைஞர்களை வரவழைத்து, பிரித்து வேலை கொடுத்து, வார்னிஷையும் இறுதிச் சரிபார்ப்பையும் தன் கையில் வைத்திருந்தார். மிரெகூரில் இருந்த தம்பி நிக்கோலாவின் பட்டறை மலிவுவகை வயலின்களைச் செய்துதர, அவற்றைத் தனிப் பெயரில் விற்றார்.

வில்லிலும் இதே ஏற்பாடு. தொமினிக் பெக்காத் 1826 முதல் 1837 வரை அவரிடம் இருந்தார். இன்று பெக்காத் வில் என்றால் பெரிய வித்வான்கள் சொத்தை விற்று வாங்குவார்கள். பெர்சுவா, சிமோன், பிறகு வுவாரான் என்று அந்த நூற்றாண்டின் முதல்தர வில் கலைஞர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள். வில்லில் குத்தப்பட்ட முத்திரையோ வியோம் பெயர்தான். உருக்குக் குழாயில் வில் செய்து பார்த்தார், வாசிப்பவரே மயிரை மாற்றிக்கொள்ளும் வில் செய்து பார்த்தார். இதில் எனக்கு மிகப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. சில வில்களின் கீழ்ப்பிடியில் அலங்காரக் கண்போல ஒரு சிறு துளை இருக்கும். அதில் கண்ணை ஒட்டிவைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே கடுகளவு லென்ஸின் வழியாக ஒரு புகைப்படம் தெரியும்: வியோமின் முகம்! சிலவற்றில் ஸ்ட்ராடிவாரி, சிலவற்றில் பகனினி. நுண் புகைப்படத் தொழில்நுட்பம் அப்போதுதான் வந்திருந்தது, உடனே எடுத்துப் பயன்படுத்திவிட்டார். விளம்பரம் தெரிந்த மனிதர்.

அளவில் பெரியதை வைத்து ஆளை அசத்தவும் அவருக்குத் தெரியும். 1850 வாக்கில் ஆக்டோபாஸ் என்ற ராட்சத டபுள் பாஸைச் செய்தார். உயரம் சுமார் மூன்றரை மீட்டர், தந்திகள் மூன்று. வாசிப்பவர் ஒரு மேடைமேல் ஏறி நிற்க வேண்டும். தந்தியை விரலால் அமுக்க முடியாது. கையால் நெம்புகோல்களையும் காலால் மிதிகளையும் இயக்கினால் மேலே உள்ள இரும்பு விரல்கள் தந்தியை அமுக்கும். இசையமைப்பாளர் பெர்லியோஸ் இதைப் பெரிதும் பாராட்டினார். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, மான்ட்ரியல் சிம்பொனி இசைக்குழு அதன் மறுவார்ப்பு ஒன்றை வைத்திருக்கிறது. இசையமைப்பாளர்கள் அதற்கென்று பெரிதாக எழுதவில்லை. இப்படிச் சிலது ஓடாமல் போனாலும் பதக்கங்கள் குவிந்தன: 1839, 1844-இல் தங்கம், 1851 லண்டன் பொருட்காட்சியில் உயர் பதக்கம், அதே ஆண்டு பிரெஞ்சு அரசின் லெஜியன் தொன்னர் விருது. 1858-இல் பாரிஸ் எல்லைக்கு வெளியே லெ தெர்னுக்குக் குடிபோனார். காரணம் மரத்துக்கு நகர எல்லையில் விதிக்கப்பட்ட சுங்க வரியைத் தப்பிப்பது. எவ்வளவு பெரிய கலைஞரானாலும் வரி வரிதான்.

மரம் சொன்ன சாட்சி

சந்தேகத்தைத் தீர்க்க வாய்மொழி உதவாது, பாணியை வைத்து வாதிடுவதும் உதவாது. பாணியை நகலெடுக்க முடியும் என்பதுதான் குற்றச்சாட்டே. மிச்சம் இருப்பது மரம். வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. அதில் நெடுக ஓடும் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றும் மரத்தின் ஒரு வருஷ வளர்ச்சி. நல்ல மழை வெயில் பெற்ற வருஷத்தில் இடைவெளி அகலம், குளிரில் வாடிய வருஷத்தில் குறுகல். ஒரே மலைப்பகுதியில் ஒரே காலத்தில் வளர்ந்த மரங்களில் இந்த அகல குறுகல் வரிசை ஒத்துப்போகும். வருஷம் தெரிந்த மரங்களின் நீண்ட வரிசையோடு ஒப்பிட்டால் இந்தப் பலகையில் எந்தக் கோடு எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம்.

ஆரம்பமே குழப்பத்தில்தான் தொடங்கியது. பொலென்ஸ் புகைப்படங்களை ஜெர்மானிய நிபுணர் பீட்டர் கிளைனிடம் காட்டியபோது, ஸ்ட்ராடிவாரி இறந்தபிறகான ஆண்டு ஒன்று முதலில் கிடைத்தது. அது உண்மையானால் வழக்கு அங்கேயே முடிந்தது. கிளைன் பிறகு அந்தக் கணிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புகைப்படத்தில் கோடுகளை எண்ணுவது ஆபத்தான வேலை என்பதைத் தவிர இதில் பெரிய பாடம் ஒன்றும் இல்லை. அடுத்து ஜான் டோபம், டெரிக் மெக்கார்மிக் இருவரும் கருவியை நேரில் அளந்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்ட்ராடிவாரி காலத்தோடு அது ஒத்துப்போனது. இரு தரப்பும் விடுவதாக இல்லை. அமெரிக்க வயலின் சங்கம் 2001-இல் ஹென்ரி கிரிசினோ-மேயர் தலைமையில் மர வளைய அறிஞர்கள் குழு ஒன்றை அமர்த்தியது. லண்டன் ராயல் இசை அகாடமியில் உள்ள ஆர்கின்டோ என்ற ஸ்ட்ராடிவாரி வயோலாவோடும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அவர்கள் கணக்கில் மேசியா பலகையின் வளையங்கள் 1577 முதல் 1687 வரை ஓடுகின்றன.

கடைசி வளையம் 1687. மரத்தின் வெளிப்பகுதியைக் கொஞ்சம் செதுக்கி எறிந்துவிட்டு, வெட்டிய மரத்தைச் சில ஆண்டுகள் காயவைத்து எடுப்பது வழக்கம் என்பதால் 1716-இல் செய்யப்பட்ட வயலினுக்கு இது இயல்பான கணக்கு. ஆனால் இதோடு வியோம் விடுதலை ஆகிவிட முடியாது. மரம் பழையது என்றால் வேலையும் பழையது என்று ஆகாதே! பழைய மரம் தேடித் திரிந்த வியாபாரிக்கு இருநூறு வருஷத்துப் பலகை கிடைக்காமலா போகும்?

இந்த ஓட்டையை அடைத்தவர் பீட்டர் ரேட்கிளிஃப். 2016-இல் அவர் மேசியாவின் பலகையையும் 1724-இல் ஸ்ட்ராடிவாரி செய்து, முன்பு வில்ஹெல்மி என்பவரிடம் இருந்ததால் எக்ஸ்-வில்ஹெல்மி என்று அழைக்கப்படும் வயலினின் பலகையையும் ஒப்பிட்டார். ஒரே காலத்து மரம் என்பதைத் தாண்டி, இரண்டும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்ற அளவுக்கு வளையங்கள் பொருந்தின. வியோம்தான் மேசியாவைச் செய்தார் என்று இனியும் வாதிட வேண்டுமானால், ஸ்ட்ராடிவாரி வெட்டிவைத்திருந்த அதே மரத்தின் மீதிக் கட்டை நூறாண்டுக்குமேல் பத்திரமாக இருந்து, அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. மர வளையத்தை வைத்து வயது சொல்லும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி டக்ளஸால் உருவானது. 1855-இல் ஒரு மோசடிக்காரர் இப்படி ஒரு சோதனையை எதிர்பார்த்து மரம் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

நோக்கத்தையும் பார்க்க வேண்டும். போலி செய்கிறவன் விற்பதற்காகச் செய்கிறான். வியோம் இருபது வருஷம் விற்காமல் வைத்திருந்தார். பெருமைக்காக வைத்திருந்தார் என்று சொல்லலாம். ஆனால் அசல் ஸ்ட்ராடிவாரி இரண்டு டஜனை அதே பேரத்தில் வாங்கிய மனிதருக்குப் பெருமைக்காக ஒரு போலி தேவைப்பட்டிருக்காது. என் கணிப்பில் வழக்கு வியோமுக்குச் சாதகமாகவே முடிகிறது. கோசியோவின் வர்ணனையில் உள்ள முரண்கள் மட்டும் தீராமல் நிற்கின்றன, அவை வேறொரு 1716 வயலினைக் குறிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

அதன் பிறகு

வியோம் இறந்தபின் மேசியா அலாரிடம் போனது. அவரும் இறந்தபிறகு 1890-இல் லண்டன் ஹில் நிறுவனம் எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் கிராஃபோர்டுக்காக 2,000 பவுனுக்கு அதை வாங்கியது. வாசித்துப் பார்த்த வயலின் மேதை யோசிம் 1891-இல் எழுதிய கடிதத்தில் அதன் ஒலியில் இனிமையும் கம்பீரமும் ஒன்றுசேர்ந்திருப்பதைப் புகழ்ந்தார். பின்னர் ஹில் குடும்பம், வருங்கால வயலின் செய்பவர்களுக்கு அளவுகோலாக இருக்கட்டும் என்று ஆஷ்மோலியனுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே யாரும் அதை வாசிப்பதில்லை.

வியோமின் கருவிகளோ ஓயாமல் மேடையில் இருக்கின்றன. அமெரிக்க வித்வான் ஹிலரி ஹான் வாசிப்பது பகனினியின் பீரங்கியைப் பார்த்து வியோம் 1864-இல் செய்த நகல். நல்ல வியோம் வயலின் என்றால் இன்று பல தொழில்முறைக் கலைஞர்கள் கடன் வாங்கித்தான் வாங்க முடியும். அதனால் அவர் பெயரிலேயே போலிகள் பெருகிவிட்டன. மிரெகூரிலும் ஜெர்மனியிலும் தொழிற்சாலைகள் செய்து குவித்த மலிவு வயலின்கள் பலவற்றில் வியோம் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். வீட்டுப் பரணில் கிடைத்த வயலினில் அப்படி ஒரு சீட்டைக் கண்டால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்பலகையின் உட்புறத்தில் மையெழுத்தில் கையொப்பமும் எண்ணும் இருக்கின்றனவா, எண் அவர் வரிசைக்குள் வருகிறதா, வேலையும் வார்னிஷும் அந்தக் காலத்து வியோமோடு ஒத்துப்போகின்றனவா என்று கருவி நிபுணரை வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் மேல்பலகையை மர வளைய ஆய்வுக்கு அனுப்புவார்கள். பெரிய ஏல நிறுவனங்களில் விலையுயர்ந்த வயலின்களுக்கு இப்போது அது வழக்கமான நடைமுறை.